மூடுல் லாக்கை வைத்து மாணவரைப் புரிந்துகொள்ள முடியுமா?

கேள்வி இதுதான்: “உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். முதலாண்டுக்கு வகுப்பு எடுக்கிறேன். 62 பேர். பெரும்பாலும் கிராமத்துப் பிள்ளைகள், வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருகிறவர்கள். இந்த வருடம் மூடுல் என்ற இணையவழிப் பாடத் தளம் போட்டிருக்கிறார்கள். பி.டி.எஃப். ஏற்றுகிறேன், அசைன்மென்ட் வாங்குகிறேன். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்றெல்லாம் அதில் தெரிகிறது. அதை வைத்துப் பின்தங்கும் பிள்ளைகளை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? லாகின் எண்ணிக்கைக்கு இன்டர்னலில் 5 மார்க் வைக்கலாம் என்கிறார் எங்கள் எச்.ஓ.டி. அது சரிதானா?”

கண்டுபிடிக்க முடியும். ஆனால் லாகின் எண்ணிக்கையை வைத்து அல்ல. நான் மதுரையில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். டிபார்ட்மென்டின் மூடுல் வேலையும் பல வருடமாக என் தலையில்தான் இருக்கிறது. நான் செய்த தப்புகளையும் சேர்த்தே சொல்கிறேன், உங்களுக்கு அவை மிச்சமாகட்டும்.

முதலில் லாக் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஒரு மாணவர் ஒரு பக்கத்தைத் திறந்தாலோ, குவிஸைத் தொடங்கினாலோ, பதிலை அனுப்பினாலோ ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விழும். பெயர், நேரம், எந்தப் பகுதி, என்ன செய்தார், ஐ.பி. முகவரி (எந்த நெட் இணைப்பிலிருந்து வந்தார் என்று காட்டும் எண்). அவ்வளவுதான். எவ்வளவு நேரம் படித்தார் என்பதை மூடுல் அளப்பதே இல்லை. 8.10-க்கு ஒரு பக்கத்தைத் திறந்தார், அடுத்த கிளிக் 8.50-க்கு என்றால், நடுவில் இருந்த 40 நிமிடம் படித்தாரா, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாரா, உட்கார்ந்தபடியே தூங்கினாரா என்று அந்த வரிக்குத் தெரியாது. நேரக் கணக்கு காட்டும் பிளக்-இன்கள் இருக்கின்றன. அவையும் இரண்டு கிளிக்குக்கு இடைப்பட்ட நேரத்தை வைத்து உத்தேசமாகப் போடுகிற கணக்குதான்.

நம் ஊரில் இதற்கு மேல் ஒரு சிக்கல் உண்டு. வாட்ஸ்அப். நீங்கள் யூனிட் ஒன்று பி.டி.எஃப்.-ஐ மூடுலில் ஏற்றுகிறீர்கள். கிளாஸ் ரெப் அதை இறக்கி வகுப்பு குரூப்பில் போட்டுவிடுகிறார். மற்ற 61 பேரும் அங்கேயே படித்துக்கொள்கிறார்கள். சிலர் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரின்ட்டும் எடுத்துவிடுகிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் மட்டும் அந்த 61 பேரும் பாடத்தைத் திறந்தே பார்க்காதவர்கள். முதல் வருடம் நான் இதை வைத்து வகுப்பில் ஒரு பிரசங்கமே செய்தேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், யாரும் வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்த பிறகுதான் ஒரு பையன் போனைக் காட்டினான். என் நோட்ஸ் முழுக்க அதில் இருந்தது, மஞ்சள் கோடு போட்டு.

அதனால் பி.டி.எஃப். திறந்த எண்ணிக்கையைப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். அது ஒன்றுக்கும் ஆகாது.

ஐ.பி. முகவரியும் அப்படித்தான். ஒரு செமஸ்டரில் இரண்டு பேரின் குவிஸ் ஒரே ஐ.பி.-யிலிருந்து பத்து நிமிட இடைவெளியில் வந்திருந்தது. பதில்களும் ஏறக்குறைய ஒன்று. கூப்பிட்டு வைத்துத் திட்டினேன். விசாரித்தால், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே போன். அக்கா தங்கை மாதிரி ஒன்றாகவே வளர்ந்த சித்தி பெண், பெரியம்மா பெண். ஒருத்தி எழுதி முடித்துவிட்டு, லாக்-அவுட் செய்து, போனை மற்றவளிடம் கொடுத்திருக்கிறாள். ஒன்றாகப் படித்ததால் தப்பும் ஒன்றாகப் போயிருக்கிறது. மொபைல் நிறுவனங்கள் ஒரே வெளி முகவரியைப் பல நூறு பேருக்குப் பகிர்ந்துதான் கொடுக்கின்றன. ஹாஸ்டல் வைஃபையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் ஒரே முகவரிதான். இதை வைத்துக் காப்பி என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று நான் கற்றுக்கொள்ள இரண்டு பெண்கள் அழ வேண்டியிருந்தது.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? பிள்ளை தானே செய்து அனுப்பியதைப் பாருங்கள். அப்புறம், அந்தப் பிள்ளையின் வழக்கம் எங்கே மாறுகிறது என்று பாருங்கள். பக்கத்தில் இருப்பவனோடு ஒப்பிட வேண்டாம், அவனோடேயே ஒப்பிட வேண்டும்.

இதற்கு ஓர் உதாரணம். என் வகுப்பில் ஒரு மாணவி, மூன்றாவது வரிசை, கேட்டால் ஒழியப் பேச மாட்டார். முதல் குவிஸை அதிகாலை 2.14-க்குத் தொடங்கி 2.41-க்கு முடித்திருந்தார். அடுத்தது 2.20. அதற்கடுத்தது 1.58. பார்த்தவுடன் எனக்குத் தோன்றியது, ராத்திரி பூராவும் போனும் கையுமாக இருக்கிற பிள்ளை போலிருக்கிறது என்றுதான். ஸ்டாஃப் ரூம் வாசலில் நிறுத்திக் கேட்டேன்.

“பூ எடுக்கணும் சார். மூணு மணிக்கெல்லாம் தோட்டத்துக்குப் போயிருவோம். அதுக்கு முன்னால எந்திரிச்சு எழுதிட்டா ஒரு வேல முடிஞ்சிரும்ல. அப்பத்தான் நெட்டும் நல்லா எடுக்குது.”

திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஊர். அரை ஏக்கர் மல்லி. நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும், விரிந்துவிட்டால் விலை போய்விடும். அப்பா மூட்டையை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். இவர் வீட்டுக்கு வந்து குளித்து, டவுன் பஸ் பிடித்து ஒன்பதரை மணி வகுப்பில் உட்கார்ந்திருப்பார். எனக்கு அதுவரை தெரியாது. லாக்கும் அதைச் சொல்லவில்லை. இந்தப் பிள்ளையிடம் கேட்க ஏதோ இருக்கிறது என்ற அளவுக்குத்தான் சொல்லியது.

அடுத்த செமஸ்டரில் மார்ச் மாதம் வந்தது. இரண்டு வாரம் அவர் பெயரில் ஒரு வரிகூட இல்லை. முன்பு என்றால் ‘இன்ஆக்டிவ்’ என்று ஒரு நோட்டீஸ் அனுப்பியிருப்பேன். இப்போது தெரியும், வெயில் ஏற ஏறப் பூ வரத்து கூடும், வீட்டில் ஒரு கைக்கு இரண்டு கை வேண்டும். மூடுலில் குவிஸுக்கும் அசைன்மென்டுக்கும் ‘யூசர் ஓவர்ரைடு’ என்று ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு மாணவருக்கு மட்டும் கடைசித் தேதியைத் தள்ளிப் போடலாம், வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாது. நான்கு நாள் தள்ளிப் போட்டேன். எழுதிவிட்டார். நான் செய்தது இரண்டு நிமிட வேலை.

இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு தாளம் இருக்கும். ஆரப்பாளையத்தில் மெக்கானிக் ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற பையன் இரவு பத்தரைக்கு மேல்தான் வருவான். செக்கானூரணியிலிருந்து வருகிறவன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த நாளில் எழுதுவான். ஒரு பையன் நாலு வாரத்துக்கு ஒரு தடவை தவறாமல் இரண்டு மூன்று நாள் காணாமல் போவான். கடைசியில் பார்த்தால் அது 28 நாள் ரீசார்ஜ் பேக் தீரும் நாள்கள். எந்த ரிப்போர்ட்டும் ‘ரீசார்ஜ் தீர்ந்தது’ என்று எழுதிக் காட்டாது. இது தெரிந்ததும் ஞாயிறு இரவு 11.59 என்று வைத்திருந்த கெடுவைத் திங்கள் மாலை 4.00 என்று மாற்றினேன். காலையில் கல்லூரிக்கு வந்து, வைஃபையில் அனுப்ப ஒரு பகல் கிடைத்தது. தாமதமாக வருபவை கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தன. நள்ளிரவுக் கெடு வைப்பது எந்த ஊர் வழக்கமோ தெரியவில்லை, நாம் ஏன் அதைப் பிடித்துத் தொங்குகிறோம் என்றும் புரியவில்லை.

இடையில் ஒரு சின்ன விஷயம். மூடுலை எழுதியவர் மார்ட்டின் டூகியாமாஸ், ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்காரர். முதல் பதிப்பு 2002 ஆகஸ்டில் வந்தது. சிறுவயதில் பாலைவனத்துக்குள் ஒரு குடியிருப்பில் இருந்துகொண்டு, வானொலி வழியாகப் பள்ளிப்பாடம் படித்தவர் அவர். எட்டாத தூரத்தில் இருக்கிற பிள்ளையை மனதில் வைத்துச் செய்த பொருள் அது. நாம் அதை, கல்லூரிக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு வரும்போது காட்டுவதற்கு வைத்திருக்கிறோம்.

சரி, வெளியூர் அனுபவம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகம் 2007 வாக்கில் ‘கோர்ஸ் சிக்னல்ஸ்’ என்று ஒன்றைத் தொடங்கியது. மாணவரின் மார்க், மூடுல் மாதிரியான பாடத் தளத்தில் அவர் நடமாட்டம், பழைய படிப்பு எல்லாவற்றையும் சேர்த்து டிராஃபிக் விளக்கு மாதிரி சிவப்பு, மஞ்சள், பச்சை காட்டும். அந்த விளக்கு உள்ள பாடங்கள் இரண்டோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் படிப்பை விடாமல் தொடரும் விகிதம் 21 சதவீதம் கூடியது என்று சொன்னார்கள். உலகமே பேசியது. 2013-இல் மைக் கால்ஃபீல்டு, ஆல்ஃபிரட் எசா என்ற இருவர் அந்தக் கணக்கில் ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். முதல் வருடமே படிப்பை விட்டுப் போனவன் இரண்டு மூன்று விளக்குப் பாடங்களை எங்கே எடுப்பான்? தொடர்ந்து படித்தவர்கள்தான் அதிகம் எடுத்திருப்பார்கள். விளக்கு அவர்களைத் தங்கவைக்கவில்லை, தங்கியதால் விளக்கைப் பார்த்தார்கள்.

என் வகுப்பில் இதை இப்படிச் சொல்வேன். அழகர் ஆற்றில் இறங்குவதை 60 தடவை பார்த்தவர்கள் எல்லாரும் 60 வயதைத் தாண்டியவர்கள். அதனால் அழகரைப் பார்த்தால் ஆயுள் கூடும் என்று சொல்லலாமா? (சொல்லலாம் என்பார் என் அம்மா. அது வேறு வழக்கு.) உங்கள் கல்லூரியிலும் யாராவது ‘அதிகம் லாகின் செய்தவர்கள் அதிகம் பாஸ்’ என்று கிராஃப் போட்டுக் காட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். படிக்கிற பிள்ளை லாகினும் செய்யும். லாகின் செய்யவைத்துவிட்டால் படித்துவிடும் என்று ஆகாது.

இங்கிலாந்தின் ஓப்பன் யுனிவர்சிட்டி 2013, 2014 ஆண்டுகளில் படித்த தன் மாணவர்கள் 32,593 பேரின் விவரங்களைப் பெயர் நீக்கி, ஆராய்ச்சிக்குத் திறந்து வைத்தது. கிளிக் பதிவுகள் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட வரிசைகள். அதில் உழைத்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட ஒரு விஷயம் நமக்கும் உதவும்: முதல் அசைன்மென்டைக் கொடுக்காதவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தப் பாடத்தை முடிக்கவே இல்லை. ஆயிரம் கிளிக்கைவிட அந்த ஒரு காலி இடம் அதிகம் சொல்கிறது. ஒரு வித்தியாசம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும். அது தொலைதூரக் கல்வி. அவர்கள் மாணவரைத் தினமும் நேரில் பார்ப்பதில்லை. உங்கள் பிள்ளை தினமும் உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே முதல் சி.ஐ.ஏ. (இன்டர்னல் தேர்வு) வரை காத்திருக்காதீர்கள். சேர்ந்த இரண்டாவது வாரத்திலேயே ஐந்து கேள்வியில் ஒரு சின்னக் குவிஸ் வையுங்கள், மார்க் இல்லாமல். பிளஸ் டூ பாடத்திலிருந்தே கேளுங்கள். மார்க்குக்காக இல்லை, யார் அனுப்பவில்லை என்று பார்ப்பதற்காக. அதே வாரம் ‘சாய்ஸ்’ என்ற ஒற்றைக் கேள்வி வசதியில், “மூடுலை எதில் பார்க்கிறாய்: சொந்த போன், வீட்டுக்குப் பொதுவான போன், நண்பர் போன், கல்லூரி லேப்” என்று கேட்டு வாங்குங்கள். யார் என்ன சொன்னார்கள் என்பதை மற்ற மாணவர்களுக்குக் காட்டாதபடி அமைத்துவிடுங்கள். சொந்த போன் இல்லை என்று வகுப்பு முழுக்கத் தெரிந்தால் பொய்தான் சொல்வார்கள். நானாக இருந்தாலும் பொய்தான் சொல்வேன்.

இப்போது உண்மையிலேயே மூடுலில் தங்கம் இருக்கும் இடத்துக்கு வருகிறேன். குவிஸ் ரிப்போர்ட்டில் ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ என்று ஒரு பக்கம். நான் பார்த்தவரை நூறு ஆசிரியரில் ஐந்து பேர்கூட அதைத் திறப்பதில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் நேராகச் சில எண்கள் இருக்கும். ‘ஃபெசிலிட்டி இன்டெக்ஸ்’ என்பது அந்தக் கேள்விக்கு வகுப்பு எடுத்த சராசரி, சதவீதத்தில். 90 என்றால் எல்லாருக்கும் தெரிந்த கேள்வி, 20 என்றால் பெரும்பாலோர் கோட்டைவிட்ட கேள்வி. ‘டிஸ்கிரிமினேஷன் இன்டெக்ஸ்’ என்பது, மற்றக் கேள்விகளில் நன்றாக எழுதியவர்கள் இதையும் நன்றாக எழுதினார்களா என்று காட்டுவது. இது மைனஸில் போனால் கெட்டிக்காரப் பிள்ளைகள் தப்பாகவும் மற்றவர்கள் சரியாகவும் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி வந்தால் முதலில் உங்கள் விடையைச் சரிபாருங்கள். எனக்கு இரண்டு தடவை விடைதான் தப்பாக இருந்தது.

அதே பக்கத்தில் ஒரு கேள்வியைக் கிளிக் செய்தால், எந்தத் தப்பான விடையை எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்று வரும். அதைத்தான் நான் ராத்திரி உட்கார்ந்து படிப்பேன்.

நிகழ்தகவில் ஒரு கேள்வி வைத்திருந்தேன். நான்கு காசுகளைச் சுண்டினால் ‘அட் லீஸ்ட் த்ரீ ஹெட்ஸ்’ விழ நிகழ்தகவு என்ன? விடை 5/16. மூன்று தலை விழ நான்கு வழி, நான்கும் தலையாக விழ ஒரு வழி, மொத்தம் ஐந்து. ஃபெசிலிட்டி இன்டெக்ஸ் படு மோசம். பாடம் புரியவில்லை போலிருக்கிறது, மறுபடி முதலிலிருந்து நடத்த வேண்டியதுதான் என்று நொந்துகொண்டேன். அப்புறம் விடைகளைத் திறந்து பார்த்தால், தப்பாகப் போட்டவர்களில் பெரும்பாலோர் ஒரே விடையைப் போட்டிருந்தார்கள்: 15/16. குருட்டாம்போக்கில் போட்டிருந்தால் மூன்று தப்பு விடைகளிலும் பரவி இருக்க வேண்டும். 15/16 சும்மா வராது. ‘மூன்றோ அதற்குக் குறைவோ’ என்று எடுத்துக்கொண்டு, எண்ணிக்கையைத் துல்லியமாகப் போட்டால்தான் அது வரும். அதாவது கணக்கு அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. கேள்வியைத்தான் தலைகீழாகப் படித்திருக்கிறார்கள்.

மறுநாள் வகுப்பில் கேட்டேன். மேலூர்ப் பக்கத்துப் பையன் எழுந்தான். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவன். “லீஸ்ட்னா கொறைச்சல்தான சார்?” அவன் சொல்வதில் தப்பில்லை. தமிழிலும் நாம் ‘குறைந்தது மூன்று’ என்றுதானே சொல்கிறோம், அதிலும் குறைச்சல் இருக்கத்தானே செய்கிறது. ஆனால் “கொறைஞ்சது மூணு இட்லியாச்சும் சாப்பிட்டுப் போடா” என்று அம்மா சொன்னால் யாரும் இரண்டோடு எழுந்துவிடுவதில்லை. பலகையில் இட்லி என்றே எழுதினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த குவிஸில் அதே மாதிரிக் கேள்வி, எண்களை மட்டும் மாற்றி. பெரும்பாலோர் சரியாகப் போட்டிருந்தார்கள். முதலிலிருந்து நடத்தியிருந்தால் நான்கு பீரியட் போயிருக்கும், தப்பும் அப்படியே இருந்திருக்கும்.

உங்கள் பி.காம். பாடத்தில் இதற்குப் பஞ்சமே இருக்காது. டெபிட், கிரெடிட் எது எந்தப் பக்கம் என்பதில் ஒருவன் தப்பு செய்வதும், ‘டிஸ்கவுன்ட் அலவ்டு’ என்ற சொல்லில் தடுக்கி விழுவதும் மார்க்கில் ஒன்றுபோலத் தெரியும். தப்பு விடைகளை நீங்கள் யோசித்து வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு தனிக் குழப்பத்தைப் பிடித்துக் கொடுக்கும். ‘இவற்றில் எதுவும் இல்லை’ என்று நான்காவது விடையை இட்டு நிரப்பாதீர்கள், அது எதையும் பிடிக்காது.

வாராவாரம் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பீர்கள். வெள்ளிக்கிழமை மதியம் அரை மணி நேரம். ‘பார்ட்டிசிபன்ட்ஸ்’ பக்கத்தில் கடைசியாக எப்போது வந்தார் என்ற பத்தி இருக்கும், இரண்டு வாரமாக வராதவர்களை மட்டும் வடிகட்டலாம். ‘கோர்ஸ் பார்ட்டிசிபேஷன்’ ரிப்போர்ட்டில் குறிப்பிட்ட ஒரு குவிஸைச் செய்யாதவர்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்துச் செய்தி அனுப்பலாம். அந்த மொத்தச் செய்தியை நான் அனுப்புவதில்லை. பெயர்களை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்வேன். வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். வகுப்புக்கு வருகிறான், குவிஸ் மட்டும் அனுப்பவில்லை என்றால் பெரும்பாலும் போன், நெட், பாஸ்வேர்டு இந்த மூன்றில் ஒன்று. பாஸ்வேர்டு மறந்துபோய், சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு ஒன்றரை மாதம் இருந்த பிள்ளையை எனக்குத் தெரியும். வகுப்புக்கும் வரவில்லை, குவிஸும் இல்லை என்றால் அன்றைக்கே பேச வேண்டும். வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது, அல்லது வேலைக்குப் போய்விட்டான்.

எழுதி அனுப்ப வேண்டி வந்தால் ‘நீங்கள் 14 நாள்களாகத் தளத்துக்குள் நுழையவில்லை’ என்று எழுதாதீர்கள். அது கரன்ட் பில் பாக்கி நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. நான் எழுதுவது இப்படி: “தம்பி, சனிக்கிழமை குவிஸில் உன் பதில் வரலை. ஏதும் சிக்கலா? செவ்வாய் மதியம் ஒன்றரைக்கு டிபார்ட்மென்டில் இருப்பேன், வா.” நாள், நேரம், இடம் மூன்றும் இருந்தால்தான் வருவார்கள். ‘எப்போது வேண்டுமானாலும் வா’ என்றால் வர மாட்டார்கள்.

நெட் இல்லாதவர்களுக்கு மூடுலின் மொபைல் ஆப்பைக் காட்டிக் கொடுங்கள். கல்லூரி வைஃபையில் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு வீட்டில் நெட் இல்லாமல் படிக்கலாம். குவிஸ் அமைப்பில் அனுமதித்திருந்தால் அதையும் ஆஃப்லைனில் எழுதிவிட்டு, மறுநாள் நெட் கிடைக்கும்போது அனுப்பலாம். கெடு வைக்கும்போது அதையும் கணக்கில் எடுங்கள். மதுரைக்குள் தங்கிப் படிக்கிறவர்கள் என்றால் புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. வீட்டில் உட்கார இடமில்லாத பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கள், பலருக்குத் தயக்கம்தான் தடை.

அப்புறம் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். லாக்கை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் பெற்றோர் கூட்டத்தில் ஒரு பெண்ணின் அப்பாவிடம், “உங்க பொண்ணு ராத்திரி ஒரு மணிக்கெல்லாம் ஆன்லைன்ல இருக்கு, பாத்துக்கங்க” என்று அக்கறையோடு சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண் அசைன்மென்ட் எழுதிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குக் கேட்டது வேறு. அன்று மாலையே போன் பிடுங்கப்பட்டது. அதற்குப் பிறகு அவள் எதையும் நேரத்தில் அனுப்பவில்லை, கடைசியில் இரண்டு அரியர். நம் ஊரில் ஒரு பெண்பிள்ளையின் கையில் போன் தங்குவதே பெரிய பாடு. அதில் நேரம் போட்ட ஒரு வரி என்ன செய்யும் என்று அதை எடுத்துச் சொல்கிறவர் யோசிக்க வேண்டும். பெற்றோரிடம் பேச வேண்டியிருந்தால் பாடத்தைப் பற்றிப் பேசலாம். நேரத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

சட்டமும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் குழந்தை. உங்கள் முதலாண்டு வகுப்பில் 17 வயதுக்காரர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். கல்லூரி அதை எப்படிக் கையாள்கிறது என்பது நிர்வாகத்தின் வேலை. உங்கள் அளவில் செய்யக்கூடியது, எதையெல்லாம் பார்க்கிறீர்கள் என்று முதல் வகுப்பிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது. நான் ப்ரொஜெக்டரில் என் சொந்த லாக்கையே போட்டுக் காட்டுவேன். “சாருக்கு ஞாயித்துக்கெழம காலைல என்னா வேல!” என்று ஒரு சத்தம் வரும். அதோடு பயம் போய்விடும்.

மூடுலுக்குள்ளேயே ‘படிப்பை விட்டுவிடக்கூடிய மாணவர்கள்’ என்று கணிக்கும் ஒரு மாடல் 2017 நவம்பரில் வந்த 3.4 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதை ஆன் செய்யச் சொல்லி அட்மினை நச்சரிக்க வேண்டாம். உங்கள் தளத்தில் முடிந்துபோன பழைய பாடங்களைப் பார்த்துத்தான் அது கற்றுக்கொள்ளும். உங்களுக்கு இதுதான் முதல் வருடம், அது பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். படிக்கும் வகுப்பைப் பார்த்து அது எதைக் கற்றுக்கொள்ளும் என்பது இன்னொரு கேள்வி. 62 பேருக்கு உங்கள் துண்டுத் தாள் போதும்.

கடைசியாக அந்த 5 மார்க். எச்.ஓ.டி.யின் நோக்கம் நல்லதுதான், பிள்ளைகள் தளத்துக்கு வரவேண்டும் என்று நினைக்கிறார். ஆனால் லாகினுக்கு மார்க் என்று அறிவித்த மறுநாளிலிருந்து லாகின் எண்ணிக்கைக்கு எந்த அர்த்தமும் இருக்காது. ஒருத்தன் ஹாஸ்டலில் உட்கார்ந்து பத்துப் பேர் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு வரிசையாக உள்ளே போய் வெளியே வருவான். பார்த்திருக்கிறேன். சொந்த போன் இல்லாத பிள்ளைக்கு மட்டும் அந்த 5 மார்க் போகும். எச்.ஓ.டி.யிடம் நேராக மறுக்காமல், “அதே 5 மார்க்கைச் சின்னக் குவிஸ்களுக்கு வைக்கலாமா சார்?” என்று கேட்டுப் பாருங்கள். செமஸ்டருக்குப் பத்துக் குவிஸ், அதில் நல்லதாக ஏழு மட்டும் கணக்கு. கையால் கழித்துக்கொண்டிருக்க வேண்டாம். மூடுலின் மார்க் பதிவேடான கிரேட்புக்கில் அந்தக் குவிஸ்களை ஒரு கேட்டகரிக்குள் போட்டு, ‘டிராப் தி லோயஸ்ட்’ என்ற இடத்தில் 3 என்று கொடுங்கள். எழுதாத குவிஸ் காலியாக நிற்காமல் பூஜ்யமாகக் கணக்கில் வர, அதே இடத்தில் ‘எக்ஸ்க்ளூட் எம்ப்டி கிரேட்ஸ்’ என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நாலைந்து குவிஸ் மட்டும் எழுதியவனுக்கும் முழு மார்க் வந்துவிடலாம். அந்த மூன்று, ரீசார்ஜ் தீர்ந்த வாரத்துக்கும், ஊர்த் திருவிழாவுக்கும், அக்கா கல்யாணத்துக்கும் சரியாகப் போய்விடும்.